கலையின் வழியே எண்ணும் எழுத்தும்
(மாலை வகுப்பு நடத்துவோர்க்கும் பெற்றோர்க்கும் ஒரு பாடம்)

முதல் தீர்த்தங்கரராகிய ஆதிபகவன், தம் புதல்வியர் இருவரையும் அருகில் அமர்த்தி, வலக்கையால் பிராமிக்கு எழுத்தையும் இடக்கையால் சுந்தரிக்கு எண்ணையும் கற்பித்தருளினார் என்னும் வரலாற்றை நம் இல்லங்களில் அறியாதார் இலர். ஆயினும், ஆதிபுராணத்தில் அதனையொட்டி வரும் மற்றொரு செய்தியை நாம் அத்துணையாக நினைப்பதில்லை. தம் மைந்தர்க்கு அவர் இசை, நாட்டியம், ஓவியம் முதலிய கலைகளையும் கற்பித்தார் என்பதே அச்செய்தி. எண், எழுத்து, கலை ஆகிய மூன்றும் ஓர் ஆசிரியரிடமிருந்து ஓர் இல்லத்தில் பிறந்த உடன்பிறப்புகள் என்றே நம் மரபு கருதியது.

பிற்காலத்தில் இவை பிரிந்தன. இன்றைய பள்ளியின் கால அட்டவணையில் கணக்கிற்கு ஒரு வேளை, தமிழுக்கு ஒரு வேளை, பாட்டிற்கும் ஓவியத்திற்கும் எஞ்சிய வேளை என்னும் நிலை உள்ளது. தேர்வு நெருங்கினால் முதலில் நிறுத்தப்படுவது அந்த எஞ்சிய வேளைதான். பிரிந்த இம்மூன்றையும் பள்ளி முடிந்தபின் நடக்கும் மாலை வகுப்பில் மீண்டும் ஒன்று சேர்க்க இயலுமா? சேர்த்தால், வாசிக்கத் தடுமாறும் பிள்ளையும் கணக்கிற்கு அஞ்சும் பிள்ளையும் உண்மையில் பயன் பெறுவரா? இவ்விரு வினாக்களையே இப்பாடத்தில் ஆராய்வோம்.

மாலை வகுப்பின் தேவை

மாலை வகுப்பின் அருமையை நம் நாடு அண்மைக் காலத்தில் கண்கூடாகக் கண்டது. கொரோனா நோய்ப் பரவலால் 2020 மார்ச்சுத் திங்களில் மூடப்பட்ட தமிழகப் பள்ளிகளில், 1 முதல் 8 வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் முதல் நாளன்றுதான் மீண்டும் திறக்கப்பட்டன. ஏறத்தாழ 19 திங்கள் பிள்ளைகள் கரும்பலகையைக் காணவில்லை. எழுத்துக் கூட்டி வாசித்தவர் எழுத்தை மறந்தனர். கூட்டல் அறிந்தவர் விரல்விட்டு எண்ணும் நிலைக்குத் திரும்பினர்.

இக்குறையைப் போக்க, 2021 அக்டோபர் 27ஆம் நாள் விழுப்புரம் மாவட்டம் மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' என்னும் திட்டம் தொடங்கப்பெற்றது. அந்தந்த ஊரில் வாழும் தன்னார்வலர்கள், மாலை 5 மணி முதல் 7 மணிக்குள், ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரம், திண்ணையிலும் மரத்தடியிலும் சமுதாயக் கூடத்திலும் பிள்ளைகளைக் கூட்டிக் கற்பித்தனர். பாட்டு, கதை, விளையாட்டு ஆகியவையே அவர்தம் கருவிகள். தமிழகத்தில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து ஆராய்ந்த பொருளியல் அறிஞர்கள், பள்ளி திறந்த ஆறு திங்களுக்குள் இழந்த கல்வியில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது என்றும், அம்மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு இம்மாலை வகுப்புகளால் விளைந்தது என்றும் கணித்துள்ளனர். நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரத்தில் கிடைத்த பயன் இது.

அத்திட்டத்தின் தொடக்கத்தில் கலைக் குழுவினர் ஊர் ஊராகச் சென்று பறை முழக்கியும் நாடகம் நடித்தும் மக்களை அழைத்தனர். 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கிய போதும் பாட்டும் வீதி நாடகமுமே மக்களை ஈர்த்தன. ஆனால் ஈண்டு ஒரு வேறுபாட்டை நாம் உணர வேண்டும். மக்களை வகுப்பிற்கு அழைத்துவரும் கலை வேறு. வகுப்பிற்குள் இருந்து கற்பிக்கும் கலை வேறு. முன்னதை யாவரும் அறிவர். பின்னதில்தான் நாம் தவறுகிறோம்.

நாம் செய்த ஒரு பிழை

சில ஆண்டுகளுக்கு முன், அன்பர் சிலர் கூடி, எம் ஊர் ஜினாலயத்தை அடுத்த திண்ணையில் மாலை வகுப்பொன்றை நடத்தினோம். சமயம், குலம் என்னும் வேறுபாடின்றி இருபது பிள்ளைகள் வந்தனர். வாய்பாட்டை இனிய மெட்டில் அமைத்துப் பாட வைத்தோம். ஒரே திங்களில் பிள்ளைகள் அனைவரும் ஏழாம் வாய்பாட்டைக் கணீரென்று பாடினர். பெற்றோர் மகிழ்ந்தனர், நாமும் மகிழ்ந்தோம்.

ஒருநாள், எல்லாரினும் நன்றாகப் பாடும் ஒரு சிறுமியிடம், "ஏழு எட்டு எவ்வளவம்மா?" என்று கேட்டோம். அவள் விழித்தாள். பின்னர் கண்களை மூடிக்கொண்டு, பாட்டை முதலடியிலிருந்து மெல்லப் பாடத் தொடங்கினாள். இடையில் நிறுத்தி, "ஏழேழு நாற்பத்தொன்பது என்றாயே, அடுத்தது என்ன?" என்றோம். மெட்டு அறுந்ததும் விடையும் அறுந்தது. அவள் கண்கள் கலங்கின.

குற்றம் அவளுடையதன்று, எம்முடையது. அவளுக்குப் பாட்டைக் கற்பித்தோம். ஏழு என்னும் எண் எவ்வாறு எட்டு முறை அடுக்கப்படுகிறது என்பதைக் கற்பிக்கவில்லை. கசப்பு மருந்தின் மேல் தடவிய தேனாகக் கலையைப் பயன்படுத்தினோம். தேன் நாவில் நின்றது. மருந்து உள்ளே செல்லவில்லை.

அன்று உணர்ந்த உண்மையே இப்பாடத்தின் உயிர்நிலை: கலை கணக்கிற்குப் பூசும் மெருகன்று; கலைக்குள்ளேயே கணக்கும் எழுத்தும் உள்ளன. உள்ளிருப்பதைப் பிள்ளையின் கையாலேயே வெளிக்கொணர்வது ஆசிரியர் பணி. இதனை நான்கு கலைகளில் காண்போம்.

1. தாளமும் மாத்திரையும்

தமிழெழுத்தின் ஒலிக்கு அளவு உண்டு. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. மாத்திரை என்பது இயல்பாகக் கண்ணிமைக்கும் அல்லது கைந்நொடிக்கும் கால அளவு என நன்னூல் வகுத்துள்ளது. அந்நூலை இயற்றிய பவணந்தி முனிவர் நம் சமயத்தவர் என்பது யாவரும் அறிந்ததே.

சிறு பிள்ளைகள் எழுதும்போது மிகுதியாகத் தடுமாறுவது குறில் நெடில் வேறுபாட்டில்தான். 'படம்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'பாடம்' என்பர். 'வீடு' என்பதை 'விடு' என்பர். இதற்குச் சிவப்பு மையினும் கைத்தாளம் நல்ல மருந்து. குறிலுக்கு ஒரு தட்டு. நெடிலுக்கு ஒரு தட்டும் ஒரு வீச்சும். எடு, ஏடு; கொடு, கோடு; கல், கால் எனச் சொற்களை இணை இணையாகச் சொல்லித் தட்டச் செய்க. கை உணர்ந்த வேறுபாட்டைச் செவி உணரும்; செவி உணர்ந்ததை எழுதுகோல் தவறாது. தட்டிய உடனே அச்சொல்லை எழுத வைத்தல் இன்றியமையாதது.

இனிக் கணக்கிற்கு வருவோம். ஒரு மாத்திரை, இரு மாத்திரை ஆகிய ஒலிகளைக் கொண்டு நான்கு மாத்திரை அளவை எத்தனை வகையாக நிரப்பலாம்? பிள்ளைகளையே தட்டிக் கண்டறியச் செய்க. குறில் நான்கு, நெடில், குறில், குறில், குறில், நெடில், குறில், குறில், குறில், நெடில், நெடில் இரண்டு. ஆக ஐந்து வகை. மூன்று மாத்திரைக்கு மூன்று வகை, இரண்டிற்கு இரண்டு, ஒன்றிற்கு ஒன்று. ஐந்து மாத்திரைக்கு? எட்டு வகை.

1, 2, 3, 5, 8 என்னும் இவ்வரிசையில் ஒவ்வோர் எண்ணும் தனக்கு முன்னுள்ள இரண்டின் கூட்டுத்தொகை. காரணம் எளிது. ஐந்து மாத்திரை அளவின் இறுதி ஒலி குறிலாயின், அதற்குமுன் நான்கு மாத்திரை நிரம்ப வேண்டும். அதற்கு 5 வகை. இறுதி ஒலி நெடிலாயின், அதற்குமுன் மூன்று மாத்திரை. அதற்கு 3 வகை. இரண்டும் சேர 8. இவ்விதியைக் குசராத்தில் வாழ்ந்த சமணப் பேராசான் ஏமசந்திரர் 12ஆம் நூற்றாண்டில் தம் யாப்பு நூலில் எடுத்துரைத்தார். இத்தாலி நாட்டுப் பிபனாச்சி இவ்வெண்களைக் கூறும் தம் நூலை எழுதியது 1202இல். உலகம் பிபனாச்சி எண்கள் என அழைக்கும் வரிசை, செய்யுளின் ஓசையை அளந்த நம் நாட்டுப் புலவர்க்கு முன்னரே தெரிந்திருந்தது. இசை, நாடகம், யாப்பு ஆகியவற்றிற்கும் கணிதம் பயன்படும் என்று 9ஆம் நூற்றாண்டில் கணிதசார சங்கிரகம் இயற்றிய மகாவீராசாரியர் கூறியதும் இதனோடு இயைவதே.

2. கோலம்

நம் வீட்டு வாயிலில் விடியற்காலையில் எழுதப்பட்டு, மாலைக்குள் அழிந்துவிடும் கணக்கு நூல் ஒன்று உண்டு. அதுவே கோலம். இடைப்புள்ளி வைத்து, "ஏழு புள்ளி, ஒன்று வரை" என்று பாட்டிமார் கூறுவர். நடு வரிசையில் 7, அதன் மேலும் கீழும் 6, 5, 4, 3, 2, 1 எனப் புள்ளிகள் குறையும். மொத்தம் எத்தனை புள்ளி? பிள்ளைகள் எண்ணிப் பார்த்து 49 என்பர். ஐந்து புள்ளிக்கு 25. மூன்று புள்ளிக்கு 9. இவை ஏழேழு, ஐயைந்து, மும்மூன்று அல்லவா? ஏன் அவ்வாறு அமைகின்றன எனக் கேளுங்கள். தலையைச் சற்றே சாய்த்துச் சரிவாகப் பார்க்கும் பிள்ளை, ஏழு சாய்வரிசைகளையும் வரிசைக்கு ஏழு புள்ளிகளையும் கண்டு துள்ளும். பெருக்கலைக் கண்ணால் கண்ட அப்பிள்ளை அதனை எளிதில் மறவாது.

நேர்ப்புள்ளியில் 7, 5, 3, 1 என இருபுறமும் குறைத்தால் 25 வரும். இதனை இரு வண்ணப் பொடியால் ஒன்றுவிட்டு ஒன்றாக வைத்தால், ஒரு வண்ணம் 16, மற்றது 9 ஆகும். நந்நான்கும் மும்மூன்றும் சேர ஐயைந்து என்பது தரையிலேயே விளங்கும்.

கோலத்தை வெறும் பொழுதுபோக்கு என எண்ணற்க. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிப்ட் சிரோமணியும் உடன் பணியாற்றிய அறிஞர்களும் 1970களில் கோலத்தின் அமைப்பு விதிகளைக் கணினி அறிவியலுக்குரிய இலக்கணமாக வகுத்து உலகறியச் செய்தனர். அவரே தமிழ்ப் பிராமி எழுத்துகளையும் ஆராய்ந்தவர். கோலமும் எழுத்தும் ஒருவர் உள்ளத்தில் ஒன்றாக இருந்தமைக்கு இது நற்சான்று.

கோலம் பெண் பிள்ளைகளுக்கே உரியது என விலகி நிற்கும் ஆண் பிள்ளைகளையும் புள்ளி வைக்கச் செய்தல் நம் கடமை. பெருக்கலுக்கு ஆண் பெண் வேறுபாடு இல்லை.

3. காகித மடிப்பு

பின்னம் என்றாலே பிள்ளைகள் அஞ்சுவர். மேலும் கீழும் எழுதிய இரண்டு எண்களாகவே அதனைக் காண்பதால் வரும் அச்சம் இது. ஒரு தாளை ஒருமுறை மடித்தால் அரை. மறுமுறை மடித்தால் கால். மூன்றாம் முறை அரைக்கால், அஃதாவது 1/8. நான்காம் முறை வீசம், அஃதாவது 1/16. நம் தாத்தாமார் திண்ணைப் பள்ளியில் ஓதிய பின்னப் பெயர்கள் இவை. வீசத்திற்கு மாகாணி என்னும் பெயரும் உண்டு. மா என்பது 1/20. காணி என்பது 1/80. இரண்டும் சேர்ந்தது மாகாணி.

இஃது எவ்வாறு 1/16 ஆகும்? ஒரு தாளில் 80 கட்டம் வரைக. மா என்பது 4 கட்டம். காணி ஒரு கட்டம். கூட்டினால் 5 கட்டம். எண்பதில் ஐந்து பதினாறு முறை அடங்கும். சொல்லுக்குள்ளேயே ஒரு கூட்டல் கணக்கு மறைந்திருந்ததைப் பிள்ளை அறிகிறது. மடித்த தாளை விரித்து, ஒவ்வொரு பகுதியிலும் அதன் பெயரை எழுத்தாலும் எண்ணாலும் எழுதி வண்ணம் தீட்டச் செய்க. எழுத்துப் பயிற்சியும் உடன் நிகழும்.

4. கூத்து

வாசிக்கத் தயங்கும் பிள்ளையின் இடர்ப்பாட்டிற்கு நாம் எண்ணிப் பாராத காரணம் ஒன்றுண்டு. அது வீட்டில் கேட்பது, "ஆடு ஓடிப்போச்சு" என்னும் பேச்சு. புத்தகத்தில் காண்பது, "ஆடு ஓடிப்போயிற்று" என்னும் எழுத்து. எழுத்துகளைக் கூட்டத் தெரிந்தும், கூட்டி வந்த சொல் தான் அறிந்த சொல்லாக ஒலிக்காமையால் பிள்ளை திகைக்கிறது.

தொண்டை நாட்டுத் தெருக்கூத்து இச்சிக்கலை என்றோ தீர்த்து வைத்துள்ளது. அரசன் செந்தமிழில் பேசுவான். கட்டியக்காரன் அதனையே ஊர்ப் பேச்சில் உரைத்து நகையூட்டுவான். மாலை வகுப்பில் இம்முறையைக் கையாளலாம். ஒரு பிள்ளை தன் வீட்டில் நிகழ்ந்ததைத் தன் பேச்சிலேயே கூறட்டும். மழையில் ஆட்டுக்குட்டி காணாமற்போன கதையாயினும் போதும். அது கூறியவாறே ஆசிரியர் பலகையில் எழுதுக. தன் வாய்ச்சொல்லே எழுத்தாகி நிற்பதைப் பிள்ளை வாசிக்கட்டும். பின்னர், "இதனை அரசன் எவ்வாறு கூறுவான்?" என்று வினவி, ஒவ்வொரு தொடரையும் எல்லாரும் கூடி எழுத்து நடைக்கு மாற்றுக. ஒரு பிள்ளை அரசனாகவும், மற்றொரு பிள்ளை கட்டியக்காரனாகவும் நின்று, எழுதிய தாளைப் பார்த்துப் படித்து நடிக்கட்டும். பேச்சிலிருந்து எழுத்திற்குச் செல்லும் பாலம் இதுவே. தன் பேச்சு இழிவானது என்னும் கூச்சமும் பிள்ளைக்கு ஏற்படாது.

நடத்தும் முறை

ஒன்றரை மணி நேரத்தைப் பின்வருமாறு பகுத்துக் கொள்ளலாம். முதல் 15 நிமிடம் பாட்டும் தாளமும். அடுத்த 30 நிமிடம் அன்றைய கலைச் செயல். அதன்பின் 30 நிமிடம் செய்ததை எண்ணால் குறித்தலும் சொல்லால் எழுதுதலும். இறுதி 15 நிமிடம் ஒவ்வொரு பிள்ளையிடமும் தனித்தனியே ஒரு வினா. இவற்றுள் மூன்றாம் பகுதியையும் நான்காம் பகுதியையும் எக்காரணத்தாலும் குறைத்தலாகாது. கலைச் செயல் இனிமையாக இருப்பதால் நேரம் நீண்டுவிடும். எழுதும் வேளை சுருங்கிவிடும். பெரும்பாலான மாலை வகுப்புகள் பயனின்றிப் போவது இங்கேதான்.

மற்றொன்றும் கூறுதல் வேண்டும். ஆண்டு விழாவிற்கு ஒத்திகை பார்ப்பதே மாலை வகுப்பு என ஆகிவிடக் கூடாது. விழா நோக்கமாகும்போது, நன்கு பாடும் பிள்ளையும் நன்கு வரையும் பிள்ளையும் முன்வரிசைக்கு வருவர்; எவர்பொருட்டு வகுப்பைத் தொடங்கினோமோ, அப்பிள்ளை பின்வரிசையில் வாயசைத்துக் கொண்டிருக்கும்.

மீண்டும் அச்சிறுமி

பிழையை உணர்ந்தபின் நாம் செய்தது இதுதான். பிள்ளைகளை இரண்டு குழுவாகப் பிரித்தோம். முதலில் ஒரு குழு மூன்று மூன்றாகவும், மற்றது நான்கு நான்காகவும் எண்ணித் தட்டியது. இரண்டும் 12இல் ஒன்றாக முடிந்தன. சில நாள் பழகியபின், ஒரு குழுவிற்கு ஏழு எண்ணிக்கையும், மற்றொரு குழுவிற்கு ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையும் கொடுத்தோம். ஒரு சுற்று முடியுந்தோறும் ஒரு புளியங்கொட்டையை முன்னே வைக்க வேண்டும். இரு குழுவும் ஒரே வேகத்தில் தட்டின; வெவ்வேறு இடங்களில் சுற்று முடிந்தது; நெடுநேரம் சேரவேயில்லை. திடீரென்று ஓரிடத்தில் இரண்டும் ஒருங்கே முடிந்தன. ஏழாம் குழுவின் முன் எட்டுக் கொட்டைகள். எட்டாம் குழுவின் முன் ஏழு கொட்டைகள்.

அச்சிறுமி கொட்டைகளைச் சற்று நேரம் பார்த்துக் கொண்டிருந்தாள். "ஏழு எட்டும் எட்டு ஏழும் ஒண்ணுதான்; ஐம்பத்தாறு" என்றாள். பாட்டை அவள் முதலிலிருந்து பாடவில்லை.

நம் இல்லத்துப் பெரியோர்க்கு ஒரு வேண்டுகோள். கோலமிடத் தெரிந்த பாட்டியும், வீசம் மாகாணி அறிந்த தாத்தாவும், தாளம் போடத் தெரிந்த அத்தையும் நம் ஊர்களில் இன்னும் உள்ளனர். தம்மிடம் உள்ளது கல்வி என்பதை அவர்கள் அறியார். வாரத்தில் ஒரு மாலை, அண்டை வீட்டுப் பிள்ளைகளையும் அழைத்து, அவர்களைத் திண்ணையில் அமரச் செய்யுங்கள். நால்வகைத் தானங்களுள் ஒன்றாகிய ஞானதானத்திற்குப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை; கோலப்பொடியும் புளியங்கொட்டையும் சிறிது பொறுமையும் போதும்.

வீட்டுப் பயிற்சி

1. ஆறு மாத்திரை அளவைக் குறில், நெடில் ஒலிகளால் எத்தனை வகையாக நிரப்பலாம்? தட்டிப் பார்த்து எழுதுக.
2. இடைப்புள்ளியில் ஒன்பது புள்ளி, ஒன்று வரை வைத்தால் மொத்தப் புள்ளி எத்தனை? எண்ணாமல் கூறுக, பின்னர் எண்ணிச் சரிபார்க்க.
3. உயிர் 12, மெய் 18. உயிர்மெய் எத்தனை என்பதைக் கட்டம் வரைந்து காண்க.
4. இன்று வீட்டில் நிகழ்ந்த ஒன்றைக் கட்டியக்காரன் மொழியில் மூன்று தொடராகவும், அரசன் மொழியில் மூன்று தொடராகவும் எழுதுக.

(விடைகள்: 1. பதின்மூன்று; 2. எண்பத்தொன்று, 3. இருநூற்றுப் பதினாறு; 4. விடை பிள்ளையிடமே உள்ளது.)